பழைய டாஸ் கணினியில் டேனிஷ் எழுத்துகளை வரவழைப்பது எப்படி?

டென்மார்க்கில் தட்டிய பழைய கோப்பை அமெரிக்க டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) கணினியில் திறந்தால், குறுக்குக் கோடு போட்ட பெரிய ஆங்கில ஓ வரவேண்டிய இடத்தில் ஜப்பானிய நாணயமான யென்னின் குறி நிற்கும். கோப்பு கெட்டுப்போகவில்லை. அதில் இருப்பது 157 என்ற எண்தான். அதற்கு எந்த உருவம் என்று சொல்வது கோடு பேஜ் என்கிற அட்டவணை. அமெரிக்க அட்டவணையான 437இல் 157 என்றால் யென். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான 850இல் அதே எண் டேனிஷ் எழுத்து. பாமினியில் தட்டிய கடிதத்தை வேறு எழுத்துருவில் திறந்து திகைத்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான்.

1987இல் வந்த எம்எஸ்-டாஸ் 3.3 முதல் இந்த அட்டவணையை நாமே மாற்றலாம். திரையில் படம் காட்டும் கார்டு இஜிஏ அல்லது விஜிஏ வகையாக இருப்பது அவசியம். பழைய சிஜிஏ கார்டில் எழுத்துருவங்கள் ரோம் சிப்பிலேயே பதிந்திருக்கும், மாற்ற முடியாது.

இங்கே சொல்வது எம்எஸ்-டாஸ் 6.22க்கான வழி. கட்டளைகளை ஒலிப்படி தருகிறேன்; ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். முதலில், கணினி தொடங்கும்போது படிக்கிற கான்ஃபிக்.சிஸ் கோப்பில் இந்த வரியைச் சேர்த்துவிட்டு, கணினியை அணைத்து மறுபடி போடுங்கள்:

டிவைஸ்=சி:\டாஸ்\டிஸ்ப்ளே.சிஸ் கான்=(இஜிஏ,437,1)

விஜிஏ கார்டுக்கும் இஜிஏ என்றே போட வேண்டும். கடைசி 1, கூடுதலாக ஓர் அட்டவணைக்கு இடம் ஒதுக்குகிறது. இந்த வரி விட்டுப்போனால் அடுத்த கட்டளை பிழைச் செய்தியோடு நின்றுவிடும்.

அப்புறம் அட்டவணையை ஏற்றி, தேர்ந்தெடுங்கள்:

மோட் கான் சிபி பிரிப்பேர்=((850) சி:\டாஸ்\இஜிஏ.சிபிஐ)
மோட் கான் சிபி செலக்ட்=850

சரி, இப்போது ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டே வலப்பக்க எண்விசைகளில் 157 தட்டிவிட்டுக் கையை எடுங்கள். யென் போய், டேனிஷ் எழுத்து வந்துவிடும்!

விசைப்பலகையும் மாற வேண்டுமே. கீபோர்டு என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் நான்கு எழுத்துதான் கட்டளை. ஓர் இடைவெளி விட்டு டிகே,850 என்று சேர்த்தால் போதும். எல் விசையை அடுத்துள்ள இரண்டும் டேனிஷ் எழுத்துகளாகிவிடும். கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்1 அமெரிக்க அமைப்புக்குத் திருப்பும்; எஃப்2 மறுபடி டேனிஷுக்கு.

ஒரு நஷ்டமும் உண்டு. திரையில் கட்டம் வரைய உதவும் குறிகளில், ஒற்றைக் கோடும் இரட்டைக் கோடும் சேரும் சில மூலைகளின் இடத்தை 850 எழுத்துகளுக்குக் கொடுத்துவிட்டது. அதனால் சில மென்பொருள்களின் கட்டங்களில் மூலைக்குப் பதில் தலையில் கொம்பு வைத்த ஆங்கில ஏ முளைக்கும். அப்போது செலக்ட்=437 கொடுத்துத் திரும்பிவிடுங்கள். கோப்புப் பெயர்களில் மட்டும் இந்த எழுத்துகளை வைக்காதீர்கள். அட்டவணை மாறினால் அந்தக் கோப்பைத் திறக்கவே பாடுபட வேண்டியிருக்கும்.