கொடி கட்டிய தெருவில் குடியேறுகிறீர்களா? இங்கிலாந்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வந்து இறங்கிய முதல் சில வாரங்கள் வாடகை வீடு, வங்கிக் கணக்கு, ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவரிடம் பதிவு என்றே ஓடிவிடும். நடுவில் ஊரிலிருந்து போன் வரும்: "அங்க தெருவெல்லாம் கொடி கட்டியிருக்காங்களாமே, யூடியூப்ல பார்த்தோம். வெளிய போய் வர பயமில்லையா?" தாராளமாகப் போகலாம். ஆனால் எந்தக் கொடி, எந்த மாதத்தில், எந்த இடத்தில், யார் கட்டியது என்று பார்க்கத் தெரிந்தால் தேவையில்லாத பயம் குறையும். தேவையான எச்சரிக்கையும் வரும்.

வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை மட்டும் இருந்தால் அது இங்கிலாந்தின் கொடி, செயின்ட் ஜார்ஜ் கொடி. நீலமும் குறுக்குப் பட்டைகளும் சேர்ந்திருந்தால் யூனியன் ஜாக். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நான்கும் அடங்கிய முழு நாட்டுக்கும் உரியது. நாம் நான்கையும் சேர்த்து 'இங்கிலாந்து' என்றும், இன்னும் தாராளமாக 'லண்டன்' என்றும் சொல்லிப் பழகியவர்கள். கூட வேலை செய்யும் ஸ்காட்லாந்துக்காரரிடம் மட்டும் அப்படிச் சொல்லிவிடாதீர்கள்.

ஸ்காட்லாந்துக்காரர் கொடி பிடித்தால், வேல்ஸ்காரர் தன் மொழியில் பாடினால் யாரும் புருவம் உயர்த்துவதில்லை. ஆங்கிலேயர் கொடி பிடித்தால் ஆங்கிலேயரே ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். செயின்ட் ஆண்ட்ரூ நாளுக்கு ஸ்காட்லாந்தில் பொது விடுமுறை உண்டு, செயின்ட் பேட்ரிக் நாளுக்கு வட அயர்லாந்தில் உண்டு. ஏப்ரல் 23, செயின்ட் ஜார்ஜ் நாளுக்கு இங்கிலாந்தில் விடுமுறை கிடையாது. தனக்கென்று ஒரு நாட்டுப்பண்ணும் இங்கிலாந்துக்கு இல்லை. கால்பந்துக்கும் ரக்பிக்கும் முழு நாட்டின் பாடலான 'காட் சேவ் தி கிங்'கையே பாடுகிறார்கள். அந்த ஜார்ஜோ மரபுப்படி இன்றைய துருக்கியில் உள்ள கப்படோசியாக்காரர், இங்கிலாந்து மண்ணை மிதித்ததே இல்லை. ஏப்ரல் மாதத்தில் அலுவலகத்தில் இதை வைத்து ஒரு நகைச்சுவையாவது காதில் விழும்.

இந்தக் கூச்சத்துக்குக் காரணம் உண்டு. பேரரசின் நினைவு ஒன்று. 1970களில் நேஷனல் ஃபிரன்ட் என்ற இனவாதக் கட்சி யூனியன் ஜாக்கைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனது இன்னொன்று. அந்தக் காலத்தில் இங்கே வளர்ந்த தெற்காசியர்களைக் கேட்டால் நிறையச் சொல்வார்கள். 1966 கால்பந்து உலகக் கோப்பையின்போது இங்கிலாந்து ரசிகர்கள் அசைத்தது பெரும்பாலும் யூனியன் ஜாக்கைத்தான். சிவப்புச் சிலுவை மைதானத்தை நிறைத்தது 1996 யூரோ கால்பந்துப் போட்டியில். அப்புறம் அது கால்பந்துக் கொடியாகவே ஆகிப்போனது. உலகக் கோப்பையோ யூரோவோ நடக்கும் ஜூன், ஜூலையில் காரிலும் பப்பிலும் மாடி ஜன்னலிலும் அது தொங்கினால், நம் வீதியில் தோரணம் கட்டுவது போலத்தான். அணி தோற்ற வாரமே பாதி காணாமல் போய்விடும்.

இதில் வர்க்கமும் கலந்திருக்கிறது. 2014இல் எமிலி தார்ன்பெரி என்ற லேபர் கட்சி எம்பி, ராச்செஸ்டர் இடைத்தேர்தல் அன்று ஒரு வீட்டைப் படமெடுத்து ட்விட்டரில் போட்டார். வீட்டில் மூன்று இங்கிலாந்துக் கொடிகள், வாசலில் வெள்ளை வேன், இங்கே அது கைத்தொழில் செய்பவர்களின் அடையாளம். கேலியாக ஒரு சொல்கூட எழுதவில்லை. ஆனாலும் உழைக்கும் மக்களை ஏளனமாகப் பார்க்கிறார் என்று கிளம்பிய கோபத்தில் அன்றிரவே எதிர்க்கட்சியின் நிழல் அமைச்சரவைப் பதவியை விட்டார். கொடி கட்டுபவர்களை மட்டமாகப் பேசுவதும் இங்கே ஒரு வகை மேட்டிமைத்தனமாகவே எடுத்துக்கொள்ளப்படும். படித்த நண்பர்கள் அப்படிப் பேசும்போது கூடச் சேர்ந்து சிரிக்குமுன் யோசியுங்கள்.

இனி உங்கள் வீட்டார் யூடியூபில் பார்த்த விஷயம். 2025 கோடையில் பர்மிங்காம் பக்கம் ஆரம்பித்து ஊர் ஊராக மின்விளக்குக் கம்பங்களில் கொடி ஏறியது. ரவுண்டபவுட் எனும் சாலைச் சுற்றுவட்டங்களில் சிவப்புச் சிலுவை வரைந்தார்கள். பாதுகாப்பைக் காரணம் காட்டிச் சில கவுன்சில்கள் (உள்ளாட்சி அமைப்புகள்) கழற்றின, கழற்றிய இடத்திலேயே மறுபடி கட்டினார்கள். அதே மாதங்களில்தான் எப்பிங் போன்ற ஊர்களில் புகலிடம் கோருவோரைத் தங்கவைத்த ஹோட்டல்களுக்கு வெளியே போராட்டங்கள் நடந்தன. செப்டம்பர் 13 அன்று லண்டனில் டாமி ராபின்சன் என்ற தீவிர வலதுசாரிச் செயற்பாட்டாளர் கூட்டிய ஊர்வலத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் ஆட்கள் வந்தார்கள்.

கட்டியவர்களில் "என் நாட்டுக் கொடியை என் தெருவில் பார்க்க ஆசை, அவ்வளவுதான்" என்று மனதாரச் சொன்னவர்கள் உண்டு. "நீ இந்த ஊர்க்காரன் இல்லை" என்று நமக்குச் சொல்லவே கட்டியவர்களும் உண்டு. கம்பத்தில் தொங்கும் கொடியில் இது தெரியாது. ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சிங்கக் கொடி ஒருவருக்குக் கிரிக்கெட், இன்னொருவருக்கு இராணுவச் சாவடி. ஆகவே கொடியைக் கண்டு உங்களுக்கு நெஞ்சு படபடத்தால் அதை அசட்டுத்தனம் என்று யாரும் சொல்ல விடாதீர்கள். அதற்காகக் கொடி கட்டிய பக்கத்து வீட்டுக்காரருக்குக் காலை வணக்கம் சொல்வதையும் நிறுத்த வேண்டாம். குப்பைத் தொட்டி எந்த நாள் வெளியே வைப்பது என்று முதலில் சொல்லித்தரப் போகிறவர் அவராகக்கூட இருக்கலாம்.

ஊர்வல நாட்களில் செய்தி பார்த்து அந்தப் பக்கம் போவதைத் தவிருங்கள். யாராவது இன ரீதியாகத் திட்டினால் நின்று வாதாட வேண்டாம். ஆபத்து என்றால் போலீசுக்கு 999, முடிந்துபோன சம்பவத்தைச் சொல்ல 101. வெறும் வசைதானே என்று விட்டுவிடாதீர்கள், வெறுப்புக் குற்றமாகப் பதிவு செய்வார்கள். உங்கள் வீட்டில் நீங்களும் கொடி பறக்கவிடலாம். எந்த நாட்டின் தேசியக் கொடிக்கும் கவுன்சிலின் திட்ட அனுமதி (பிளானிங் பர்மிஷன்) வேண்டாம், வாடகை வீடானால் உரிமையாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். தெருக் கம்பத்தில் மட்டும் வேண்டாம்.

அக்டோபர் கடைசியில் சட்டைகளில் சிவப்புப் பாப்பிப் பூ முளைக்கும். போரில் இறந்த வீரர்களின் நினைவாக, படையில் பணியாற்றியவர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் உதவ ராயல் பிரிட்டிஷ் லீஜன் என்ற அமைப்பு நிதி திரட்டுகிறது. உண்டியலில் இயன்றதைப் போட்டு ஒரு பூ எடுத்துக்கொள்ளலாம். கட்டாயமில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், ஆனால் தொலைக்காட்சியில் ஒருவர் குத்தாமல் வந்தால் வருடாவருடம் சண்டை நடக்கும். செய்தியாளர் ஜான் ஸ்னோ 2006இல் அதைப் 'பாப்பி ஃபாசிசம்' என்றார். அயர்லாந்து அணிக்கு ஆடிய கால்பந்து வீரர் ஜேம்ஸ் மெக்லீன், வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் பிறந்தவர். அங்கே 1972இல் பிரிட்டிஷ் இராணுவம் பொதுமக்களைச் சுட்டுக் கொன்றதை நினைத்துப் பாப்பி அணிய மறுத்தார், பல வருடம் மைதானத்தில் வசவு வாங்கினார். போரே வேண்டாம் என்பவர்கள் 1930களிலிருந்து வெள்ளைப் பாப்பி அணிகிறார்கள். நீங்கள் எது செய்தாலும் நவம்பர் 11 காலை 11 மணிக்கு இரண்டு நிமிடம் பேசாமல் நின்றால் போதும். சூப்பர் மார்க்கெட் வரிசையில்கூட நிற்பார்கள்.

நான் பாப்பி குத்திக்கொள்வேன். அந்தப் போர்களில் நம் பக்கத்து ஆட்களும் செத்தார்கள் என்பது இங்கே பலருக்குத் தெரியாது, கேட்டால் சொல்ல ஒரு சாக்கு. முதல் உலகப் போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பணியாற்றினார்கள். பிரைட்டன் அருகே மேட்டுநிலத்தில் சத்ரி என்ற வெள்ளைப் பளிங்கு மண்டபம் இருக்கிறது. அந்தப் போரின்போது பிரைட்டன் மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கிய வீரர்களை எரித்த இடம். ஒரு விடுமுறை நாளில் போய்ப் பாருங்கள், ஷூ மட்டும் நல்லதாகப் போட்டுக்கொண்டு, ஏற்றம் அதிகம்.

கிரிக்கெட்டில் யார் பக்கம் என்ற கேள்வி எப்படியும் வரும். 1990இல் நார்மன் டெபிட் என்ற கன்சர்வேடிவ் தலைவர் இதையே ஒரு சோதனையாக்கினார்: குடியேறியவர்கள் எந்த அணிக்குக் கை தட்டுகிறார்கள் பாருங்கள் என்றார். ஒன்பது வருடம் கழித்து இங்கிலாந்துக்குக் கேப்டன் ஆனவர் மெட்ராஸில் பிறந்த நாசர் உசேன். இங்கே பிறந்த தெற்காசியப் பிள்ளைகள் இங்கிலாந்தை ஆதரிக்கவில்லையே என்று வருத்தப்பட்டவர் அவரும்தான்! சேப்பாக்கத்தில் கத்தி வளர்ந்த நீங்கள் லார்ட்ஸில் இந்தியாவுக்குக் கத்துங்கள், யாரும் விசாவைப் பிடுங்க மாட்டார்கள். பிற்காலத்தில் குடியுரிமை கேட்டால் 'லைஃப் இன் தி யூகே' தேர்வின் 24 கேள்விகளில் 18க்குச் சரியான பதில் சொல்ல வேண்டும், குடியுரிமை விழாவில் மன்னருக்கு விசுவாசம் கூற வேண்டும். எந்த அணி என்று அங்கே கேட்பதில்லை.

உங்கள் பிள்ளை வேறு மாதிரி வளரும். ஒரு ஜூன் மாதம் பள்ளியிலிருந்து வந்து, கன்னத்தில் சிவப்புச் சிலுவை வரைந்துவிடச் சொல்லும். வரைந்துவிடுங்கள். தண்ணீரில் போகிற சாயமா என்று மட்டும் டப்பாவில் பார்த்துக்கொள்ளுங்கள்.