குழந்தையோட சர்நேமை சட்டப்படி மாத்தறது எப்படி? ஃபார்முக்கு முன்னாடி செய்ய வேண்டியதுதான் நிறைய இருக்கு

என் பொண்ணோட சர்நேமை மாத்தி எல்லா பேப்பரும் இப்ப கைக்கு வந்தாச்சு. ஆரம்பிக்கும்போது ஒரு ஃபார்ம், ஒரு ஃபீஸ், ரெண்டு கையெழுத்து, வேலை முடிஞ்சிடும்னுதான் நெனச்சேன். ஃபார்ம் நிரப்ப அரை மணி நேரம்தான் ஆச்சு, ஆனா அவங்க அப்பாவோட சம்மதம் வாங்க எட்டு மாசம் ஆச்சு. நாட்டுக்கு நாடு ஆபீஸும் ஃபார்மும் மாறும், ஆனா எங்க போனாலும் மொதல்ல கேக்கற கேள்வி ஒண்ணுதான்: குழந்தையோட இன்னொரு பெற்றவருக்கு இது தெரியுமா, அவர் ஒத்துக்கிட்டாரா?

நிறைய பேர் தடுமாறுற இடம் இதான். "குழந்தை என்கிட்டதான் வளருது, கஸ்டடி ஆர்டரும் என் பேர்லதான் இருக்கு, அப்புறம் யார்கிட்ட கேக்கணும்"னு நெனைக்கறாங்க. குழந்தை யாரோட இருக்கணும்ங்கறது வேற, குழந்தையோட பேரை மாத்தற உரிமை வேற. இங்கிலாந்து, வேல்ஸ்ல 1989 குழந்தைகள் சட்டத்தோட 13ஆவது பிரிவு இத நேராவே சொல்லுது: குழந்தை யார்கூட இருக்கணும்னு கோர்ட் ஆர்டர் இருந்தா, பெற்றோர் பொறுப்பு, அதாவது குழந்தை விஷயத்துல முடிவெடுக்கற சட்ட உரிமை, உள்ள எல்லாரும் எழுத்துல சம்மதிக்கணும், இல்லன்னா கோர்ட் அனுமதி வேணும், அதுவரைக்கும் குழந்தைய புதுப் பேர்ல கூப்பிட வைக்கறதே தப்பு. அதனால ஸ்கூல்ல மட்டும் புதுப் பேர குடுத்து பழக்கிடலாம், சட்டப்படி அப்புறமா பாத்துக்கலாம்னு போகாதீங்க. கேஸ் கோர்ட்டுக்குப் போனா அதுவே உங்களுக்கு எதிரா நிக்கும்.

அதனால மொத வேலை, பிறப்பு சர்டிபிகேட்டையும் ஏற்கனவே இருக்கற கோர்ட் ஆர்டரையும் எடுத்து வச்சு வரி வரியா படிங்க. பெற்றோர்னு யார் யார் பேர் இருக்கு, விவாகரத்து ஒப்பந்தத்துல பேர் பத்தி ஏதாவது ஒரு வரி இருக்கானு பாருங்க. சில ஒப்பந்தத்துல "குழந்தையின் பெயரை மாற்றக்கூடாது"னு ஒரு வரி இருக்கும், கையெழுத்து போடும்போது யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க.

அடுத்து சம்மதம் கேக்கறது. இத கோவத்துல இருக்கும்போது செய்யாதீங்க. நான் மொத தடவை போன்ல கேட்டேன், ரெண்டு நிமிஷத்துல சண்டையாகி கட் ஆயிடுச்சு. ரெண்டாவது தடவை ஒரு பக்கத்துக்கு லெட்டர் எழுதினேன், அதுல அவர பத்தி குறையா ஒரு வார்த்தை கூட இல்ல. ஸ்கூல்ல ஒரு பேர், வீட்ல மத்தவங்களுக்கு வேற பேர், ஒவ்வொரு ஆஸ்பத்திரி கவுன்டர்லயும் "நீங்க இந்தக் குழந்தைக்கு யாரு"னு கேள்வி, அவ என் முகத்தையே பாத்துக்கிட்டு நிக்கறா, இத மட்டும்தான் எழுதினேன். கூடவே பழைய சர்நேமை நடுப்பேரா வச்சுக்கலாம்னு சொன்னேன். அந்த நடுப்பேருக்குத்தான் அவர் மனசு இறங்கினாருன்னு நெனைக்கறேன். பேர மாத்தினா தன்னை அழிச்சிடறாங்கங்கற பயம் அந்தப் பக்கம் நெஜமாவே இருக்கும், அத மதிச்சு பேசுங்க. ரெண்டு பேரோட சர்நேமையும் சேத்து வைக்கறது, பழசை நடுவுல வைக்கறது, இந்த மாதிரி நடு வழி கோர்ட் வரைக்கும் போகாம நிறைய பேர காப்பாத்தியிருக்கு.

சரின்னு சொல்லிட்டா உடனே எழுத்துல வாங்கிடுங்க. மெசேஜ்ல வந்த "ஓகே" பொதுவா போதாது. குழந்தையோட இப்போதைய முழுப் பேர், புதுப் பேர் எழுத்துக்கு எழுத்து, பிறந்த தேதி, "இந்த மாற்றத்துக்கு சம்மதிக்கிறேன்"னு தெளிவா ஒரு வரி, தேதி போட்ட கையெழுத்து, முடிஞ்சா நோட்டரி முன்னாடி.

வழி மூணு நாலு விதம். சில இடத்துல பிறப்புப் பதிவு ஆபீஸ்லயே அப்ளை பண்ணிடலாம், ஆஸ்திரேலியா அப்படித்தான். இங்கிலாந்துல டீட் போல்னு ஒரு பத்திரம். அமெரிக்கால மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், ஆனா பொதுவா கோர்ட்ல மனு போடணும். இந்தியால அஃபிடவிட் எழுதி, அரசிதழ்ல, அதான் கெசட்ல, வெளியிடறது வழக்கம். உங்க ஊர் எந்த வகைன்னு மொதல்ல தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் பணம் கட்டுங்க, ஏன்னா ஒரு நாட்டுல செல்லுபடியாகிற பத்திரத்த இன்னொரு நாட்டு ஆபீஸ் அப்படியே ஏத்துக்கும்னு சொல்ல முடியாது. குழந்தை ஒரு நாட்டுல பொறந்து இன்னொரு நாட்டு பாஸ்போர்ட் வச்சிருந்தா ரெண்டு பக்கமும் கேட்டுக்கங்க.

சம்மதம் கிடைக்கலன்னா கோர்ட்தான். அங்க ஜட்ஜ் பாக்கறது உங்க நியாயத்தையோ அவர் நியாயத்தையோ இல்ல, குழந்தையோட நலன மட்டும்தான். இத மனசுல வாங்காம கோர்ட்டுக்குப் போறவங்கதான் தோத்துட்டு வராங்க. எவ்ளோ நாளா அந்தப் பேர்ல இருக்கு, கூடப் பொறந்தவங்க பேர் என்ன, குழந்தை என்ன சொல்லுது, மாத்தினா இன்னொரு பெற்றவரோட உறவு அறுந்துடுமா, மாத்தச் சொல்றவரோட நோக்கம் என்ன, இதெல்லாம் பாப்பாங்க. இங்கிலாந்துல 1999ல, அப்ப அங்க உச்ச நீதிமன்றமா இருந்த பிரபுக்கள் சபை குடுத்த தீர்ப்புல, பேர் மாத்தறதால குழந்தையோட நலன் மேம்படும்னு ஆதாரம் இல்லன்னா மாத்த உத்தரவு போடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. அதுல கேட்டது அப்பா, அவருக்குக் கிடைக்கல. அதனால "அவர் பணம் அனுப்பறதில்ல, அவர் பேர் எதுக்கு"ங்கறத மட்டும் வச்சு மனு எழுதாதீங்க. குழந்தைக்கு தினமும் என்ன சிக்கல் வருதுன்னு எழுதுங்க, டீச்சர் எழுதின குறிப்பு, ஆஸ்பத்திரி ரெக்கார்டு இருந்தா சேருங்க.

அவர் எங்க இருக்காருன்னே தெரியலன்னா? தேடினதுக்கு ஆதாரம் வேணும். கடைசியா இருந்த அட்ரஸுக்கு ரிஜிஸ்டர் தபால், சொந்தக்காரங்ககிட்ட விசாரிச்ச மெசேஜ், திரும்பி வந்த கவர், எதையும் தூக்கிப் போடாதீங்க. அமெரிக்கால நிறைய மாநிலத்துல அதுக்கப்புறம் பேப்பர்ல விளம்பரம் குடுக்கச் சொல்லுவாங்க. ஆனா ஒரு விஷயம், அடி உதைக்குப் பயந்து ஒதுங்கி வந்தவங்களா இருந்தா மனு போடறதுக்கு முன்னாடியே வக்கீல்கிட்டயோ இலவச சட்ட உதவி மையத்துலயோ சொல்லிடுங்க. விளம்பரம் வேண்டாம், அட்ரஸ ரகசியமா வைங்கன்னு கேக்க பல இடத்துல வழி இருக்கு. போட்டதுக்கப்புறம் கேட்டா அட்ரஸ் அதுக்குள்ள வெளிய போயிருக்கலாம்.

அப்பா இறந்துட்டா நிலைமை வேற. இந்தியால 2022 ஜூலைல சுப்ரீம் கோர்ட், அப்பா இறந்ததுக்கப்புறம் அம்மாதான் ஒரே இயற்கைக் காப்பாளர், அதாவது சட்டப்படி குழந்தைக்குப் பொறுப்பானவங்க, குழந்தையோட சர்நேமை முடிவு பண்ற உரிமை அவங்களுக்கு இருக்குன்னு சொல்லிடுச்சு. அம்மாவோட இப்போதைய கணவர் பேர டாக்குமென்ட்ல "மாற்றாந்தந்தை"னு போடச் சொன்ன ஹைகோர்ட் உத்தரவயும், அது குழந்தை மனச எப்படி பாதிக்கும்னு சொல்லி கண்டிச்சுது. இதே நிலைமையில இருக்கற அம்மாக்கள் இந்தத் தீர்ப்ப பிரிண்ட் எடுத்து கையில வச்சுக்கங்க.

இப்ப குழந்தை. இத கடைசில வச்சாலும் எனக்கு இதான் பெருசு. 1989 ஐநா குழந்தை உரிமை உடன்படிக்கையில, தன்னை பாதிக்கற விஷயத்துல குழந்தை கருத்து சொல்லலாம், அத வயசுக்கும் முதிர்ச்சிக்கும் ஏத்தபடி கணக்குல எடுக்கணும்னு 12ஆவது பிரிவு இருக்கு. கனடாவோட ஒன்டாரியோல, ஆஸ்திரேலியாவோட நியூ சவுத் வேல்ஸ்ல 12 வயசு ஆயிட்டா குழந்தையோட சம்மதமும் வேணும். இங்கிலாந்துல 16 ஆனா அவங்களே பத்திரம் போட்டுக்கலாம். சட்டம் கேக்கலன்னாலும் கேளுங்க, ஆனா "உனக்கு அப்பா பேர் வேணுமா அம்மா பேர் வேணுமா"னு மட்டும் கேக்காதீங்க, அந்தக் கேள்விக்கு குழந்தையால பதில் சொல்ல முடியாது. நான் கேக்கறதுக்கு முன்னாடியே அவ நோட்டோட கடைசி பக்கத்துல ரெண்டு பேரையும் மாத்தி மாத்தி எழுதிப் பாத்திருந்தா, புதுசு பக்கத்துல சின்னதா ஒரு பூ. அத பாத்தப்புறம்தான் லெட்டரே எழுதினேன்.

ஆர்டர் கைக்கு வந்ததும் கவுன்டர விட்டு நகராதீங்க. பேர சத்தமா எழுத்து எழுத்தா படிங்க, பிறந்த தேதியும். எங்க ஆர்டர்ல ஒரு எழுத்து விட்டுப் போயிருந்தது, வீட்டுக்கு வந்துதான் பாத்தேன், திருத்தி வாங்க இன்னும் அஞ்சு வாரம். சான்றளிச்ச காப்பி மூணு நாலு சேத்து வாங்கிடுங்க, ஒரே நேரத்துல ரெண்டு மூணு ஆபீஸ் ஒரிஜினல் கேக்கும்.

அப்புறம் வரிசை முக்கியம். பிறப்புப் பதிவு திருத்தம், அடுத்து அடையாள எண், அடுத்து பாஸ்போர்ட், அப்புறம்தான் ஸ்கூல், பேங்க், இன்ஷூரன்ஸ், தடுப்பூசி புத்தகம். எல்லா நாட்டுலயும் பிறப்பு சர்டிபிகேட்டே மாறும்னு இல்ல, இங்கிலாந்துல பொதுவா மாறாது, பழைய சர்டிபிகேட்டோட டீட் போலையும் சேத்தே காட்டணும். பாஸ்போர்ட் மாறுற வரைக்கும் புதுப் பேர்ல ஃப்ளைட் டிக்கெட் போட்டுடாதீங்க, டிக்கெட்ல இருக்கறதும் பாஸ்போர்ட்ல இருக்கறதும் ஒண்ணா இருக்கணும்.

சர்நேம் மாறினா ஜீவனாம்சம் நிக்காது, வாரத்துக்கு ஒரு தடவை பாக்கற உரிமை போகாது, அப்பா சொத்துல பங்கும் போகாது. அதெல்லாம் மாறுறது தத்தெடுப்புல, அது வேற வழக்கு, இதோட சேத்து குழப்பிக்காதீங்க. அந்தப் பக்கத்து ஆளுக்கும் இத சொல்லுங்க, இது தெரியாமத்தான் பாதி பேர் கையெழுத்து போட மறுக்கறாங்க.

பழைய பேர்ல இருக்கற சர்டிபிகேட், மார்க் ஷீட், பழைய பாஸ்போர்ட் எல்லாத்தையும் ஆர்டரோட ஒரு காப்பி வச்சு ஒரே ஃபைல்ல போடுங்க, காலேஜ் அட்மிஷன்லயோ விசா இன்டர்வியூலயோ "இந்த ரெண்டு பேரும் ஒரே ஆள்தானா"னு கேப்பாங்க, அப்ப அந்த ஃபைல குழந்தை கையிலயே குடுத்துடலாம்.