எதற்குப் புள்ளி கொடுக்கிறீர்கள்?

ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் ஆடும் மாயாஜால உலகக் கதாபாத்திர ஆட்டத்தை முதன்முறையாக நடத்தப் போகிறவர்கள், நாடு நகரங்களை வரைவதிலும் அரக்கர்களுக்குப் பெயர் சூட்டுவதிலும் வாரக்கணக்கில் மூழ்கிவிட்டு, விதிப் புத்தகத்தை மட்டும் கைக்குக் கிடைத்தபடி எடுத்துக்கொள்கிறார்கள். மேசையைச் சுற்றி உட்காருபவர்கள் எப்படி ஆடுவார்கள் என்பதைப் பெரும்பாலும் விதிகளே தீர்மானிக்கின்றன. எனவே, கதாபாத்திரம் நிலை உயர்வதற்கான அனுபவப் புள்ளி எதற்குக் கிடைக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

1974ல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தின் இரண்டு பதிப்புகளை ஒப்பிட்டால் இது விளங்கும். 1981ஆம் ஆண்டின் அடிப்படைப் பதிப்பில், பத்திரமாக வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு புள்ளி. ‘ஓர்க்’ என்ற அரக்கன் ஒன்றை வீழ்த்தினால் கிடைப்பதோ பத்தே புள்ளி. அதையும் குழுவினர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். போர்வீரன் இரண்டாம் நிலையை எட்ட 2,000 புள்ளிகள் தேவை. உயிர்ப் புள்ளி பூஜ்யமானால் மரணம். 2014ல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதே ஓர்க்குக்கு 100 புள்ளிகள். இரண்டாம் நிலைக்கு 300 போதும். பூஜ்யத்தில் விழுந்தவருக்கும் இருபது முகப் பகடையை உருட்டிப் பிழைக்கும் வாய்ப்பு உண்டு. நீண்ட ஓய்வு எடுத்தால் இழந்த உயிர்ப் புள்ளிகள் முழுவதும் திரும்பிவிடும்.

இப்போது இரண்டு மேசையிலும், “வாசலில் ஐந்து ஓர்க்குகள் காவல் நிற்கின்றன” என்று சொல்லிப் பாருங்கள். முதல் மேசையில், “நம்மைப் பார்த்துவிட்டனவா? எதையாவது கொடுத்தால் வழிவிடுமா?” என்ற கேள்வி எழும்; எதிர்ப்படுபவர் பகைவரா நண்பரா என்பதை இரண்டு பகடைகளால் தீர்மானிக்கும் விதியும் அப்பதிப்பில் இருப்பதால், பேச்சுக்குப் பலன் உண்டு. இரண்டாவது மேசையில் யார் முதலில் அடிப்பது என்பதே பேச்சாக இருக்கும். அங்கே வாளை உருவுவது அவசரபுத்தி ஆகாது. விதிகள் அதற்குத்தான் கூலி தருகின்றன.

நேரக் கணக்கையும் இப்படியே பாருங்கள். பழைய விதிகளில் தீப்பந்தம் ஒரு மணி நேரமே எரியும். நிலவறையில் இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை, ஆறு முகப் பகடையில் ஒன்று விழுந்தால் திரியும் அரக்கன் ஒன்று வந்து சேரும். கணக்கு எழுதச் சலித்துக்கொண்டு இதைக் கைவிடுபவர்கள் பலர். பிறகு, ஆட்டத்தில் பயமே இல்லையே என்று வருந்துவதும் அவர்களே!

மறைந்திருப்பதைத் தேடுவதற்கென்று விதிகளில் தனித் திறன் எழுதப்பட்டிருந்தால், ஆட்டக்காரர் பகடையைத்தான் நாடுவார். “தூணின் பின்புறத்தைத் தடவிப் பார்க்கிறேன்” என்பது போன்ற பேச்சு உங்களுக்கு வேண்டுமென்றால், என்ன செய்கிறார் என்பதை முதலில் சொல்லச் சொல்லுங்கள். சந்தேகம் எஞ்சினால் மட்டும் பகடையைக் கொடுங்கள்.

சிங்கப்பூரில் ஆள் சேர்ப்பதுதான் பெரும்பாடு. தேசிய சேவையில் இருக்கும் தம்பி ஞாயிறு இரவு முகாமுக்குத் திரும்ப வேண்டும். சமூக மன்ற அறையைக் குறித்த நேரத்தில் காலி செய்ய வேண்டும். மற்றவர்களுக்குக் கடைசி எம்ஆர்டி ரயிலைப் பிடிக்கும் கவலை. ஒரே குழு வாராவாரம் கூடும் என்று நம்பிக் கதை அமைத்தால், ஒருவர் வராத வாரம் ஆட்டம் நின்றுவிடும். ஆகவே, ஒவ்வோர் அமர்வும் ஊரில் தொடங்கி ஊரிலேயே முடிய வேண்டும் என்றும், ஊர் திரும்பாதவருக்கு அன்றைய பொற்காசுக்குப் புள்ளி இல்லை என்றும் விதியுங்கள். ஒன்பதரை மணி ஆனதும், நீங்கள் நினைவூட்டாமலே, “போதும் அண்ணே, திரும்பிடலாம்” என்று ஆட்டக்காரர்களே சொல்லத் தொடங்குவார்கள்.

ஒரே நேரத்தில் பல விதிகளை மாற்றினால், எதனால் எது மாறியது என்று தெரியாமல் போகும். ஒன்றை மட்டும் மாற்றி, அமர்வு தொடங்கும் முன்பே அறிவித்து, சில அமர்வுகள் ஆடிப் பாருங்கள். சண்டை நடந்துகொண்டிருக்கும்போது எதையும் மாற்ற வேண்டாம். பழைய விதியை நம்பிக் கதாபாத்திரம் உருவாக்கியவர் கேட்டால், தாராளமாகத் திருத்தி எழுத விடுங்கள்.