‘ஆக்சஸ் டினைடு’ வந்தால் அவசரப்படாதீர்கள்: பேக்கப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் விசைப்படகுகள் கரையில் நிற்கும் இந்த இரண்டு மாதத்தைவிடப் படகு ஆவணங்களை பேக்கப் எடுக்க நல்ல சமயம் கிடைக்காது. இலங்கையில் படகு பிடிபட்டால், அது தன்னுடையதுதான் என்று உரிமையாளர் அந்த ஊர் நீதிமன்றத்தில் காகிதத்தைக் காட்டி நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அதனால் பதிவுச் சான்றின் ஸ்கேன் ஒன்று விடுபட்டாலும் அது சின்ன விஷயம் இல்லை.

விடுபடுவது பெரும்பாலும் ‘ஸ்கிப்’ பொத்தானால்தான். நகலெடுக்கும்போது அனுமதி இல்லை என்று ஒரு பெட்டி வரும். எல்லாவற்றுக்கும் இதையே செய் என்று டிக் போட்டு ஸ்கிப் கொடுத்தால், மீதி வேலை அமைதியாக முடிந்துவிடும். எந்தெந்த ஃபைல் விடுபட்டது என்று விண்டோஸ் பட்டியல் எதுவும் தராது. பேக்கப் எடுத்தாயிற்று என்று நம்பிப் பழைய கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்தால் போனது போனதுதான்.

அடுத்த தவறு, தடுப்பது யார் என்று பார்க்காமலே அமைப்புகளை மாற்றுவது. முதலில் எக்ஸ்டர்னல் டிஸ்கில் புதிதாக ஒரு வெற்று ஃபைலை உருவாக்கிப் பாருங்கள். உருவானால் டிஸ்க் சரி. அப்புறம், மறுக்கப்பட்ட ஃபைலை டெஸ்க்டாப்புக்கே நகலெடுத்துப் பாருங்கள். அங்கேயும் மறுத்தால் சிக்கல் ஃபைலின் பக்கம்.

பழைய கம்ப்யூட்டரின் டிஸ்கைக் கழற்றிப் புதியதில் மாட்டும்போது இதுதான் நடக்கும். இரண்டிலும் யூசர் பெயர் ஒன்றுதானே என்று தோன்றும். ஊரில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் ரேஷன் அட்டை ஒன்றாகிவிடுமா? விண்டோஸ் பார்ப்பது பெயரை அல்ல, கணக்கின் அடையாள எண்ணை. ஃபோல்டரின் புராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி பக்கத்தைத் திறந்தால், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் தெரியும். அது பழைய கணக்கு. அட்மினாக நுழைந்து, அட்வான்ஸ்டு பகுதியில் ஓனரை உங்கள் கணக்குக்கு மாற்றி, உள்ளிருக்கும் ஃபோல்டர்களுக்கும் அது பொருந்தும்படி டிக் போட்டு, படிக்கும் அனுமதியைச் சேர்த்தால் போதும்.

ஆனால் இதை யூசர்ஸ் ஃபோல்டரில் அந்த ஒருவரின் ஃபோல்டருக்கு மட்டும் செய்யுங்கள். சி டிரைவ் முழுவதற்கும் செய்தால் விண்டோஸே கெட்டுப்போகலாம். ‘எவ்ரிஒன்’ என்று போட்டு முழு அனுமதி தருவதும் வேண்டாம். பலர் உட்காரும் சங்க கம்ப்யூட்டரில் அடையாள அட்டை நகல்கள் எல்லார் கைக்கும் போய்விடும்.

ஃபைலின் மேல் சின்னப் பூட்டுப் படம் இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். அது என்கிரிப்ட் செய்யப்பட்டதாக, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டதாக இருக்கலாம். ஓனரை மாற்றினாலும் அது திறக்காது, பழைய கணக்கின் சான்றிதழ்ச் சாவி வேண்டும். அந்தச் சாவியை எடுத்து வைக்கும்வரை பழைய விண்டோஸை அழிக்கவே கூடாது.

டிஸ்க்தான் மறுக்கிறது என்றால் காரணங்கள் வேறு. கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோக்களில், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில் உள்ள டிஸ்கை ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டரில் மாட்டினால் படிக்க முடியும், எழுத முடியாது. விண்டோஸ், மேக் இரண்டுக்கும் பொதுவாக எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மட் இருக்கிறது. ஆனால் ஃபார்மட் மாற்றினால் டிஸ்கில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்பதால், முதலில் அதை வேறிடத்தில் எடுத்து வையுங்கள்.

2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பலவற்றில் விண்டோஸும், பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் சேர்ந்தே இருந்தன. அப்படி இரண்டும் உள்ள கணினியில், விண்டோஸிலிருந்து சரியாக எஜெக்ட் செய்யாமல் பிடுங்கிய டிஸ்க் லினக்ஸில் படிக்க மட்டுமே திறக்கலாம். உடனே, எல்லாருக்கும் முழு அனுமதி தரும் சிஎச்மோட் 777 என்ற கட்டளையை அடிப்பார்கள். என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் டிஸ்கில் அதனால் பெரும்பாலும் எதுவும் மாறாது, ஏனென்றால் அங்கே அனுமதி முடிவாவது டிஸ்க் மவுன்ட் ஆகும்போது, அதாவது லினக்ஸ் அதைத் தன்னோடு இணைக்கும்போதுதான். விண்டோஸுக்குத் திரும்பி, டிஸ்கைப் பிழைச் சோதனை செய்து, ஒழுங்காக எஜெக்ட் செய்யுங்கள். விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் ஷிஃப்டை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுங்கள், அப்போதுதான் முழுதாக அணையும்.

நகலெடுக்கும் நடுவில் டிஸ்க் அடிக்கடி காணாமல் போய்த் திரும்ப வந்தால் அனுமதியைத் தொடாதீர்கள். உப்புக் காற்றில் யூஎஸ்பி முனைகள் அரித்துப்போவது கடலோரத்தில் சகஜம். கேபிளை மாற்றுங்கள், போர்ட்டை மாற்றுங்கள். அப்படியும் தொடர்ந்தால் டிஸ்கே போய்க்கொண்டிருக்கலாம், ரிப்பேர் எதையும் ஓட்டாமல் முக்கியமான ஃபோல்டரை முதலில் வெளியே எடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் இரு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையை ஒப்பிட்டு, டிஸ்கை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி நாலைந்து ஸ்கேன்களைத் திறந்து பாருங்கள். அதற்குப் பிறகு பழையதை ஃபார்மட் செய்யலாம்.