செயற்கை மூச்சுக்குழாய்: காற்றை ஏற்றும் முன், குழாய் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்குத் திடீரென்று குரல் வருகிறது. தொண்டையில் களகளவென்று கசிவுச் சத்தம், அலாரம் ஓயாமல் அடிக்கிறது. பக்கத்தில் நிற்பவர் சிரிஞ்சை எடுத்து கஃபில் (மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள சிறு காற்றுப் பையில்) இன்னும் 2 மி.லி. காற்றை ஏற்றுகிறார். சத்தம் நின்றுவிடுகிறது. சற்று நேரத்தில் மறுபடி கசிவு, மறுபடி காற்று. வார்டுகளில் சர்வசாதாரணமாக நடக்கும் இந்தத் தவறு உயிருக்கே உலை வைக்கக்கூடியது.

கசிவு என்றால் கஃபில் காற்றுக் குறைந்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் எண்டோட்ரக்கியல் டியூப் (வாய் அல்லது மூக்கு வழியாக மூச்சுக்குழலுக்குள் போகும் குழாய்) மேலே ஏறி, கஃப் குரல்நாண்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான். அந்த நிலையில் ஏற்றுகிற காற்று கசிவை அடைக்கும். கூடவே டியூபை இன்னும் மேலே தள்ளும். அடுத்த இருமலில் டியூப் வெளியே வந்துவிடும். ஆகவே சிரிஞ்சைத் தொடுவதற்கு முன் பல்வரிசையில் டியூபின் செ.மீ. குறியைப் பாருங்கள். வாய்வழி டியூபுக்குப் பெரியவர்களில் பெண்களுக்கு 21, ஆண்களுக்கு 23 என்பது தோராயக் கணக்கு. டியூப் போட்டபோது எழுதி வைத்த எண்தான் அந்த நோயாளிக்கான அளவு. எண் மாறியிருந்தால் மருத்துவரை அழைப்பதுதான் வேலை. கண்ணால் பார்க்காமல் டியூபை உள்ளே தள்ளக் கூடாது.

தலையை முன்னால் குனிய வைத்தால் டியூப் நுனி சுமார் 2 செ.மீ. உள்ளே போகும், பின்னால் சாய்த்தால் அதே அளவு மேலே வரும். நுனி நிற்க வேண்டிய இடமோ மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்துக்கு 3 முதல் 5 செ.மீ. மேலே. கணக்குப் போட்டுப் பாருங்கள், எவ்வளவு குறுகலான இடம் என்று தெரியும். நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்த பிறகும், வாயைச் சுத்தம் செய்த பிறகும், எக்ஸ்ரே எடுத்த பிறகும் குறியைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

கஃப் அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீர் அளவுக்குள் இருக்க வேண்டும். 20க்குக் கீழே போனால் கஃபுக்கு மேல் தேங்கிய எச்சில் நுரையீரலுக்குள் வழியும். 30ஐத் தாண்டினால் மூச்சுக்குழல் சவ்வுக்கு ரத்த ஓட்டம் குறையத் தொடங்கி, நாளடைவில் புண், சுருக்கம் வரை போகும். பைலட் பலூனை (கஃபோடு இணைந்து வெளியே தொங்கும் சிறு பலூனை) விரலால் அமுக்கிப் பார்த்து ‘சரியாக இருக்கிறது’ என்று சொல்வதை விட்டுவிடுங்கள். அனுபவசாலிகளின் விரலும் இதில் ஏமாறுகிறது. ஷிப்டுக்கு ஒருமுறையாவது மானோமீட்டர் என்ற அழுத்தமானியை வைத்துப் பார்க்க வேண்டும். மானோமீட்டரை மாட்டும்போதே கொஞ்சம் காற்று அதன் குழாய்க்குள் போய்விடும். அதனால் எண்ணைக் குறித்துக்கொண்டு அப்படியே கழற்றாமல், 25 முதல் 30க்குள் சரிசெய்துவிட்டுக் கழற்றுங்கள்.

சக்‌ஷனில் (குழாய் விட்டுச் சளியை உறிஞ்சுவதில்) நடக்கும் தவறுகள் பெரும்பாலும் அவசரத்தில் வருபவை. சளி சீக்கிரம் வரட்டும் என்று பச்சை நிற முனையுள்ள 14 ஃபிரெஞ்ச் அளவுக் கத்தீட்டரை (உறிஞ்சும் மெல்லிய குழாயை) எடுப்பார்கள். அதன் வெளிவிட்டம் கிட்டத்தட்ட 4.7 மி.மீ. உள்விட்டம் 7.5 மி.மீ. உள்ள டியூபுக்குள் அது போனால் பாதிக்கு மேல் அடைத்துக்கொள்ளும். சுற்றிக் காற்று நுழைய இடமில்லாததால் சளியோடு நுரையீரலின் காற்றும் உறிஞ்சப்பட்டு, காற்றறைகள் சுருங்கி ஆக்சிஜன் சரிகிறது. பெரியவர்களுக்குக் கத்தீட்டர் டியூபின் உள்விட்டத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. எளிய கணக்கு: உள்விட்டத்திலிருந்து 2 கழித்து, 2ஆல் பெருக்குங்கள், கத்தீட்டரின் ஃபிரெஞ்ச் அளவு வரும். 8 டியூபுக்கு 12, 7க்கு 10. 7.5க்கு 11 என்று வரும், 10ஐ எடுங்கள்.

உறிஞ்சும் அழுத்தம் பெரியவர்களுக்கு 200 மி.மீ. பாதரசத்துக்குள், குழந்தைகளுக்கு 120க்குள். கத்தீட்டரை மாட்டும் முன் உறிஞ்சும் கருவியின் குழாய் முனையைக் கட்டைவிரலால் அடைத்துப் பார்த்தால்தான் மீட்டர் உண்மையைச் சொல்லும். 30 முதல் 60 நொடி 100 சதவீத ஆக்சிஜன் கொடுத்துவிட்டு, உறிஞ்சாமல் உள்ளே விட்டு, வெளியே எடுக்கும்போது மட்டும் உறிஞ்சுங்கள். எல்லாம் 15 நொடிக்குள் முடிய வேண்டும். இடிக்கும் வரை உள்ளே விடும் பழக்கம் சவ்வைக் கிழித்து ரத்தம் வரவைக்கும், இதயத் துடிப்பையும் தடாலென்று குறைக்கலாம். டியூபின் நீளத்தோடு கனெக்டரின் நீளத்தையும் சேர்த்து அளந்து, அந்த ஆழத்தோடு நிறுத்துங்கள்.

‘இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சக்‌ஷன்’ என்று கடிகாரம் பார்த்துச் செய்வதும் தவறே. மூச்சுக்குழல் மேல் கரகரப்பு, வென்டிலேட்டர் திரையில் ரம்பப்பல் போன்ற அலை, கண்ணுக்குத் தெரியும் சளி, இவைதான் நேரம் சொல்ல வேண்டும்.

சளி கெட்டி என்று ஒவ்வொரு முறையும் 5 மி.லி. சலைன் ஊற்றுவதால் அது இளகுவதில்லை. டியூப் சுவரில் படிந்த கிருமிப் படலம்தான் கழன்று கீழே போகிறது. சளி கெட்டியாவது ஈரப்பதம் போதாததால். ஹெச்எம்இ ஃபில்டர் (வெளிவிடும் மூச்சின் ஈரத்தையும் சூட்டையும் பிடித்துவைப்பது) ஈரமாகிச் சளி படிந்திருந்தால் மாற்றுங்கள். சளி மிகக் கெட்டியாகவோ ரத்தம் கலந்தோ வந்தால் சூடேற்றும் ஹ்யூமிடிஃபையருக்கு மாற வேண்டும். இரண்டையும் ஒன்றாக வைத்தால் ஃபில்டர் நீரில் ஊறி மூச்சையே அடைக்கும். நெபுலைசர் கொடுக்கும்போது ஃபில்டரைக் கழற்றாவிட்டால் மருந்து அதிலேயே தங்கிவிடும்.

டிரக்கியாஸ்டமியில் (கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழலுக்குள் டியூப் வைப்பதில்) மன்னிக்கவே முடியாத தவறு, கஃபில் காற்று இருக்கும்போதே பேசும் வால்வை மாட்டுவது. அது ஒருவழி வால்வு. உள்ளே போன மூச்சு வெளியேற டியூபைச் சுற்றி வழி வேண்டும். கஃப் அதை அடைத்திருந்தால் நோயாளி மூச்சு விட முடியாமல் திணறுவார். முதலில் கஃபுக்கு மேல் தேங்கியதை உறிஞ்சுங்கள், கஃபை முழுவதும் இறக்குங்கள், பிறகு வால்வு. கழுத்து நாடாவுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி போதும். நாடாவை ஒருவர் தனியாக மாற்றக் கூடாது. இன்னொருவர் டியூபைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். காயத்தைச் சுற்றி வைக்கும் துணியைக் கத்தரிக்கோலால் வெட்டினால் நூல் பிசிறு மூச்சோடு உள்ளே போகும். வெட்டுடனே தயாராக வருவதைப் பயன்படுத்துங்கள்.

பிரிட்டனில் 2011இல் வெளியான என்ஏபி4 என்ற தேசிய மூச்சுப்பாதை ஆய்வு, தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்த பெரிய மூச்சுப்பாதை விபத்துகளுக்கு முதன்மைக் காரணமாக டிரக்கியாஸ்டமி டியூப் இடம் பெயர்வதைச் சொன்னது. அங்கு மூச்சுப்பாதை தொடர்பாக நிகழ்ந்த மரணங்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் கேப்னோகிராஃபி (வெளிவிடும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடை அலையாகக் காட்டும் கருவி) இல்லாததும் ஒரு காரணம் என்றது. திரையில் கார்பன் டை ஆக்சைடு அலை இல்லையா? டியூப் இடத்தில் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூச்சுத் திணறும் டிரக்கியாஸ்டமி நோயாளிக்கு ஆம்பு பேக்கை (கையால் அழுத்திக் காற்று செலுத்தும் பையை) எடுத்து அழுத்துவது கையின் பழக்கம். டியூப் நழுவியிருந்தால் அந்தக் காற்று தோலுக்கடியில் புகுந்து கழுத்தும் முகமும் வீங்கும். பிறகு வழி கண்டுபிடிப்பதே பெரும்பாடு. உதவிக்கு ஆள் அழைத்து, முகம், கழுத்து இரண்டுக்கும் ஆக்சிஜன் வையுங்கள். பேசும் வால்வையும் உள்குழாயையும் கழற்றுங்கள். பல நேரம் அடைப்பு அந்த உள்குழாயில்தான். சக்‌ஷன் கத்தீட்டர் தடையில்லாமல் இறங்குகிறதா பாருங்கள். இறங்காவிட்டால் கஃபை இறக்குங்கள். அப்போதும் தேறவில்லை என்றால் டியூபை எடுத்துவிட வேண்டும். அடைத்துக்கொண்ட டியூபால் யாருக்கும் பயனில்லை. மாற்று டியூப் அதே அளவில் ஒன்று, ஒரு அளவு சிறியதாக ஒன்று கட்டில் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அலமாரியில் அல்ல.

குரல்வளையை முழுவதும் அகற்றியவர்களுக்கு மூக்கிலோ வாயிலோ கொடுக்கும் ஆக்சிஜன் நுரையீரலுக்குப் போகாது. கழுத்துத் துளை ஒன்றே வழி. வெளியிலிருந்து பார்த்தால் இவர்களும் டிரக்கியாஸ்டமி நோயாளிகளும் ஒன்றுபோலவே தெரிவதால், எந்த அறுவை, எந்த நாள், எந்த அளவு டியூப் என்பதை எழுதிய அட்டையைக் கட்டில் தலைமாட்டில் மாட்டி வையுங்கள்.