வெவ்வேறு காலத்துத் திடீர்த் தாக்குதல்களை எப்படி ஒப்பிடுவது?

1941இல் ஹவாயில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியதையும், 2001 செப்டம்பர் 11 அன்று கடத்திய விமானங்களால் அமெரிக்கா தாக்கப்பட்டதையும் ஒப்பிடச் சொன்னால் பலரும் எடுத்தவுடன் இறந்தவர்கள் கணக்கைத்தான் போடுகிறார்கள். 2,403 பேர், 2,977 பேர், ஆக இரண்டாவதுதான் பெரியது, முடிந்தது கதை. இப்படிச் செய்தால் எதுவும் புரியாது. அடி வாங்கிய நாட்டுக்கு முன்கூட்டியே என்ன தெரிந்திருந்தது, தெரிந்தும் எங்கே கோட்டை விட்டது என்பதில்தான் ஒப்பீடு தொடங்க வேண்டும்.

அதற்கு ஒரு நேர வரிசை போடுங்கள். தாக்குதல் நடந்த நிமிடத்திலிருந்து பின்னோக்கிப் போய், யாருக்கு எப்போது என்ன தெரியும் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். பேர்ல் ஹார்பரில் முதல் குண்டு விழுந்தது டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணிக்குச் சற்று முன். ஏழு மணி வாக்கிலேயே பேர்ல் ஹார்பர் இருக்கும் ஓஹூ தீவின் வடக்கில் ஒபானா ரேடார் நிலையத்தில் இருந்த இரண்டு சிப்பாய்கள் பெரிய விமானக் கூட்டம் ஒன்று வருவதைத் திரையில் பார்த்துத் தகவல் மையத்துக்குப் போன் செய்தார்கள். அங்கே பணியில் இருந்த அதிகாரி அந்த வேலைக்குப் புதியவர். அன்று காலை அமெரிக்காவிலிருந்தே பி-17 குண்டுவீச்சு விமானங்கள் வர வேண்டியிருந்ததால், அவைதான் என்று நினைத்து, கவலைப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்கும் முன்பே துறைமுக வாயிலுக்கு வெளியே வார்ட் என்ற அமெரிக்கக் கப்பல் ஒரு ஜப்பானியக் குட்டி நீர்மூழ்கியை மூழ்கடித்துத் தகவலும் அனுப்பியிருந்தது. இன்னும் பின்னால் போனால், நவம்பர் 27 அன்றே வாஷிங்டனிலிருந்து போர் எச்சரிக்கை வந்தாயிற்று. ஆக, போர் வரும் என்று தெரியும். ஆனால் பிலிப்பைன்ஸ், மலேயா பக்கம்தான் எல்லோர் கண்ணும் இருந்தது.

சரி, இதே வரிசையை மற்ற தாக்குதல்களுக்கும் போட்டுப் பாருங்கள், கோட்டை விட்ட இடம் ஒவ்வொன்றிலும் வேறு. 1941 ஜூன் 22 அன்று சோவியத் யூனியன் மேல் ஜெர்மனி பாய்வதற்கு முன் அதன் தலைவர் ஸ்டாலினுக்குப் பல திசைகளிலிருந்தும் எச்சரிக்கை வந்தது, அவர் நம்ப மறுத்தார்; கடைசி இரவுவரை சோவியத் சரக்கு ரயில்கள் ஜெர்மனி பக்கம் போய்க்கொண்டிருந்தன. 1973 அக்டோபரில் எகிப்து தாக்குவதற்கு முன், சூயஸ் கால்வாயின் அக்கரையில் அதன் படை குவிவதை இஸ்ரேல் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. தொலைதூரம் பறந்து தாக்கும் விமானங்கள் இல்லாமல் எகிப்து போருக்கு வராது என்று இஸ்ரேலின் ராணுவ உளவுத்துறை முன்பே முடிவுகட்டியிருந்ததால், பார்த்ததை எல்லாம் பயிற்சி என்றே எடுத்துக்கொண்டது. 2001இல் நிலைமை வேறு: பின்னால் விமானம் கடத்திய இரண்டு பேர் அமெரிக்காவுக்குள் வந்திருப்பது வெளிநாட்டு உளவு பார்க்கும் சிஐஏவுக்குத் தெரியும், உள்நாட்டில் விசாரிக்கும் எஃப்பிஐக்கு அது உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நமக்கு விடை தெரியும் என்பதால் எல்லா எச்சரிக்கையும் பளிச்சென்று தெரிகிறது. ஒவ்வொரு எச்சரிக்கைக்குப் பக்கத்திலும், அதே நாளில் அதே மேஜையில் வேறு என்னென்ன கிடந்தன என்றும் எழுதுங்கள். வார்ட் கப்பலின் தகவலை மேலே இருந்தவர்கள் உடனே நம்பாததற்குக் காரணம், அதற்கு முன் நீர்மூழ்கி என்று வந்த பல தகவல்கள் பொய்யாகப் போயிருந்ததுதான். அன்றைய அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் பேர்ல் ஹார்பர் தாக்குதலைத் தெரிந்தே விட்டுவிட்டார் என்று அடித்துச் சொல்பவர்கள் தாண்டிப் போவது இந்த இடத்தைத்தான்.

அப்புறம் எண்கள். மக்கள்தொகையோடு சேர்த்துப் பாருங்கள்: 1941இல் அமெரிக்காவில் சுமார் 13 கோடிப் பேர், 2001இல் 28 கோடிக்கு மேல், ஆகவே விகிதத்தில் பேர்ல் ஹார்பர்தான் பெரிய அடி. ஆனால் அங்கே இறந்தவர்களில் பொதுமக்கள் 68 பேர்தான், 2001இல் பெரும்பாலானோர் வேலைக்கு வந்த சாதாரண மக்கள். 1973இல் இறந்த 2,500க்கும் மேற்பட்ட இஸ்ரேலியர்களை இதே வரிசையில் வைக்கவே கூடாது, அது முழுப் போரின் கணக்கு, ஒரு நாளின் கணக்கு இல்லை.

அடித்தது யார் என்பதும் முக்கியம். ஜப்பான் ஒரு அரசு, அதனால் மறுநாளே அமெரிக்க நாடாளுமன்றம் போர் அறிவித்தது. 2001இல் வந்தவர்கள் 19 பேர், அவர்களுக்கென்று ஒரு நாடு கிடையாது. பதிலடியாக ஆப்கானிஸ்தானில் தொடங்கிய போர் 2021 வரை இழுத்தது. பதிலடியில் உள்நாட்டில் யார் மாட்டினார்கள் என்பதையும் தயவுசெய்து சேருங்கள், இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். 1942இலிருந்து சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள், அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள்.

கடைசியாக, தாக்குதல் பலித்ததா என்ற கேள்வி. அன்றைய கணக்கில் ஜப்பானுக்கு வெற்றி, ஆனால் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்கள் அன்று துறைமுகத்தில் இல்லை, எண்ணெய்த் தொட்டிகளும் தப்பின. பேர்ல் ஹார்பரைத் தாக்கிய ஆறு ஜப்பானிய விமானந்தாங்கிகளில் நான்கு ஆறே மாதத்தில் மிட்வே கடற்போரில் மூழ்கின. 1973இல் தாக்கிய எகிப்துக்கு நேர்மாறு: போர்க்களத்தில் கடைசியில் பின்தங்கியது, ஆனால் இஸ்ரேலுடன் செய்த 1979 அமைதி ஒப்பந்தத்தால், முன்பு இஸ்ரேலிடம் இழந்த சினாய் தீபகற்பம் 1982க்குள் ஏறக்குறைய முழுவதும் திரும்பக் கிடைத்தது. ஆகவே விளைவைப் பார்ப்பது ஒரு நாளுக்கா, ஒரு வருடத்துக்கா, பத்து வருடத்துக்கா என்று முதலிலேயே எழுதிவிட்டு, இரண்டு தாக்குதலுக்கும் அதே அளவை வையுங்கள்.