காவிரிப் பெருவெள்ளங்களின் வரலாற்றைச் சிங்கப்பூரிலிருந்து தொகுக்கும் முறை

சிங்கப்பூரின் அங் மோ கியோவில் இருக்கும் என் அத்தையின் வீட்டில், பழைய கடப்பிதழ்களுக்கு நடுவே நீலநிற ஏரோகிராம் ஒன்று பத்திரமாக இருக்கிறது. 1977 நவம்பரில் திருச்சி உறையூரிலிருந்து பெரியப்பா எழுதிய கடிதம் அது. "திண்ணைக்கு மேல் ஒரு முழம் தண்ணீர் நின்றது, நெல் மூட்டைகளைப் பரணில் ஏற்றிவிட்டோம்" என்ற ஒரு வரி போதும்: கடிதத்தில் உள்ள ஊர்ப்பெயர், நாள் இவற்றோடு சேர்த்தால் இடம், நாள், உயரம் மூன்றும் வந்துவிட்டன. ஓர் ஆற்றின் வெள்ள வரலாற்றை எழுத முனைபவர் தேட வேண்டியவை இந்த மூன்றுமே. "வரலாறு காணாத வெள்ளம்" என்ற சொற்றொடரை எத்தனை ஏட்டில் கண்டாலும், உயரம் தெரியாதவரை அதை மற்றொரு வெள்ளத்தோடு ஒப்பிட வழியில்லை.

முதலில் ஆற்றில் ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். காவிரி முழுவதற்கும் ஒரே பட்டியல் போட முயல்வது வீண் உழைப்பு. முக்கொம்பில் ஆறு காவிரி, கொள்ளிடம் என இரண்டாகப் பிரிகிறது; அதற்குக் கீழே டெல்டாவில் கரை உடைந்து நீர் வயல்களில் பரவிவிடுவதால், அங்கே ஓர் ஊரில் பதிவான உயரம் அந்த ஊரின் கதையை மட்டுமே சொல்லும். நீர் முழுவதும் ஒரே வாய்க்குள் அடங்கி ஓடும் இடம், அதாவது முக்கொம்புக்கு மேலே உள்ள பகுதி, கணக்குக்கு மிகவும் ஏற்றது. காலத்தையும் மூன்றாக வகுத்துக்கொள்ள வேண்டும். 1836இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்டியதும் இரு கிளைகளுக்கும் நீர் பிரியும் விகிதம் மாறியது. 1934இல் மேட்டூர் அணை திறக்கப்பட்ட பிறகு வெள்ளத்தின் உச்சமே அணையில் தங்கி, குறைந்து வரத் தொடங்கியது. இந்த மூன்று காலங்களின் வெள்ளங்களையும் ஒரே வரிசையில் அடுக்கி, "இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை" என்று கணக்குச் சொல்வது பெரும்பிழை.

சான்று தேட சிங்கப்பூர் நல்ல இடம் என்பதைப் பலர் உணர்வதில்லை. தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் உள்ளிட்ட பழைய ஆங்கில நாளேடுகளையும் தமிழ் முரசையும் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். தமிழ் முரசு 1935இல்தான் தொடங்கியது. ஆகவே 1924 ஜூலைப் பெருவெள்ளத்துக்கு ஆங்கில ஏடுகளையே நாட வேண்டும். திருச்சியை 'டிரிச்சினாபொலி' என்றும், தஞ்சையை 'டாஞ்சூர்' என்றும், கொள்ளிடத்தைக் 'கோலரூன்' என்றும் அன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால்தான் செய்திகள் கிடைக்கும். தந்திச் செய்தியின் தலைப்பில் உள்ள நாளையும் ஏடு அச்சான நாளையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். பழைய தமிழ் அச்சில் 'லை', 'னை' போன்ற எழுத்துகள் துதிக்கை வைத்த வடிவில் இருக்கும். கணினி அவற்றைத் தவறாகப் படிப்பதால் தேடல் சொல் பலமுறை கைவிட்டுவிடும். அந்த மாதத்து இதழ்களைக் கண்ணால் புரட்டிப் பார்ப்பதே உறுதியான வழி.

குடும்ப ஏடுகளில் நாள் வேறு விதமாக இருக்கும். "ரக்தாட்சி ஆடி" என்று மட்டும் எழுதியிருந்தால் அது 1924 ஆகலாம், 1864 ஆகலாம். அறுபது ஆண்டுச் சுற்றில் அதே பெயர் திரும்ப வருகிறது. கையெழுத்து, தாள், குறிப்பிடப்படும் ஆட்கள் ஆகியவற்றைக் கொண்டே எது என்று முடிவு செய்ய வேண்டும். அதே 1924இல் கேரளத்தில் வந்த பெருவெள்ளத்தை அங்கே 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்பார்கள்; கொல்லம் ஆண்டு 1099 என்பதன் சுருக்கம் அது.

முதியவர்களிடம் பேசும்போது "எவ்வளவு தண்ணீர் வந்தது?" என்று கேட்காதீர்கள். அத்தையிடம் நான் அப்படிக் கேட்டபோது "ஊரே கடல்தான்" என்றார். "அத்தை, நம்ம வீட்டுப் படியில் எத்தனையாவது படி முழுகியதாகச் சொன்னார்கள்?" என்று கேட்டதும், கண்ணை மூடி, "மூணு படியும் போச்சு, திண்ணையில் தூண் அடிவரைக்கும்" என்றார். படித்துறை, மாடக்குழி, கோயில் வாசற்படி என்று இன்றும் தொட்டு அளக்கக்கூடிய ஒன்றோடு அவர்கள் நினைவைக் கட்டிவிட வேண்டும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அளவெடுங்கள். நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயைக் கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்துவார்கள்; அதைக் கொண்டே வீட்டுக் குறியிலிருந்து கடல்மட்ட உயரம் தெரிந்த ஓர் இடம்வரை படிப்படியாக மட்டத்தைக் கொண்டுசெல்லலாம். ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் கடல்மட்டத்திலிருந்து அந்த நிலையம் இருக்கும் உயரம் எழுதியிருக்கும்; தோராயக் கணக்குக்கு அது உதவும். தெருவிலிருந்து மட்டும் அளந்துவிடாதீர்கள்: தார் மேல் தார் போட்டுப் பெரியப்பா வீட்டின் கீழ்ப்படிகள் இரண்டு இன்று தெருவுக்குள் புதைந்துவிட்டன.

உயரத்தை நீரளவாக மாற்ற ஆற்றின் குறுக்குவெட்டுப் பரப்பும் வேகமும் வேண்டும். எடுத்துக்காட்டாக, 600 மீட்டர் அகலமும் சராசரி 4 மீட்டர் ஆழமும் உள்ள இடத்தில் நீர் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடினால், நொடிக்கு 4,800 கன மீட்டர், ஏறத்தாழ 1.7 லட்சம் கன அடி வரும். ஆற்றின் சரிவையும் படுகையின் சொரசொரப்பையும் வைத்து மானிங் சூத்திரத்தால் வேகத்தை மதிப்பிடுவார்கள். மணல் அள்ளியதால் காவிரிப் படுகை பல இடங்களில் தாழ்ந்துவிட்டது. பழைய உயரத்தை இன்றைய படுகையோடு சேர்த்தால் விடை மிகையாகவே வரும். பழைய பாலங்களின் வரைபடம் கிடைத்தால் அன்றைய படுகை மட்டத்தை அதிலிருந்து எடுங்கள். சேதத்தை அளவுகோலாக்கவும் வேண்டாம்: 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மதகுகள் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன, ஆனால் அந்த வெள்ளம் 1924ஐ விடச் சிறியது.

எழுத்துச் சான்று இல்லாத நூற்றாண்டுகளுக்கு மண்ணே சாட்சி. பாறைக் குடைவுகளிலும் கிளையாற்று வாய்களிலும் வேகம் தணிந்த வெள்ளம் மென்மணலையும் வண்டலையும் படியவிடும். அந்த மணல் கடைசியாக வெயில் கண்ட காலத்தை ஆய்வகத்தில் கணிக்க முடியும். நர்மதையில் இத்தகைய வெள்ளப் படிவுகளை விஸ்வாஸ் காலே, விக்டர் பேக்கர் என்ற ஆய்வாளர்கள் ஆய்ந்திருக்கிறார்கள். இது நிபுணர் வேலை. ஆனால் அவர்களுக்கு எந்த இடத்தைத் தோண்டலாம் என்று காட்ட ஊர்க்காரரின் குறிப்பு பயன்படும்.

ஓர் ஆண்டைப் பற்றிக் குறிப்பே இல்லையென்றால், வெள்ளமே வரவில்லை என்று எழுதிவிடாதீர்கள். திண்ணையைத் தொடாத நீரை யாரும் கடிதத்தில் எழுதுவதில்லை. "இந்தப் படிக்கு மேல் ஏறியதாகச் சான்று இல்லை" என்று மட்டும் பதிவு செய்தால், அந்த வெற்றிடமும் கணக்கில் பயன்படும்.

பெரியப்பாவின் கடிதத்தை நான் இறுதியில் காவிரிப் பட்டியலில் சேர்க்கவில்லை. 1977 நவம்பர்ப் புயல்மழையில் திருச்சியை மூழ்கடித்ததில் கோரையாறு, அரியாறு போன்ற உள்ளூர் ஆறுகளின் பங்கு பெரிது. உறையூரில் நின்ற நீரைக் காவிரியின் மட்டம் என்று கொள்ள முடியாது. திண்ணைக்கு மேல் ஒரு முழம், அதாவது சுமார் 45 சென்டிமீட்டர், என்ற அந்த அளவு இப்போது 'கோரையாறு' என்று தலைப்பிட்ட தனித்தாளில், அஞ்சல் முத்திரையின் நாளோடு முதல் வரியாக நிற்கிறது.